கையில் பதின்மூன்று சீட்டு: ஆன்லைன் ரம்மியைப் புதிதாகக் கற்பவருக்கு

1967-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சீட்டாட்ட வழக்கில் தீர்ப்பு சொன்னது. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியதைப் பற்றிய வழக்கு. ரம்மி சூதாட்டமா, திறமை ஆட்டமா என்று நீதிபதிகள் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று சீட்டு ஆட்டம் மாதிரி முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடுவது இல்லை ரம்மி என்று சொன்னார்கள். காரணமும் சொன்னார்கள்: விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைக் கையில் வைப்பது எதைக் கீழே போடுவது என்று தேர்ந்தெடுக்கத் திறமை வேண்டும்.

ரம்மியை இதைவிடச் சுருக்கமாக யாராலும் விளக்க முடியாது என்று நினைக்கிறேன். நினைவு, பிடிப்பது, போடுவது. புதிதாக ஆட வருபவர்கள் பெரும்பாலும் 'எனக்கு என்ன சீட்டு வருகிறது' என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்ன வருகிறது என்பது நம் கையில் இல்லை. எதைப் போடுகிறோம் என்பதை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் நாம்தான் முடிவு செய்கிறோம். ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது என்றால் அந்த முடிவைக் கற்றுக்கொள்வதுதான். முதலில் விதிகளை முடித்துவிட்டு அங்கே போகலாம்.

கட்டும் ஜோக்கரும்

நம் ஊரில் ரம்மி என்றால் பதின்மூன்று சீட்டு ரம்மி. இருபத்தொரு சீட்டு ஆட்டமும் இருக்கிறது, அது மூன்று கட்டு வைத்து ஆடுவது. பதின்மூன்றில் கை பழகிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம். பதின்மூன்று சீட்டில் வழக்கமாக இரண்டு கட்டுகளைச் சேர்த்துக் கலைப்பார்கள். கட்டுக்கு 52 சீட்டு, ஒரு ஜோக்கர். ஆக மொத்தம் 106. சில மேசைகளில் கட்டின் எண்ணிக்கையோ ஜோக்கரின் எண்ணிக்கையோ மாறும். ஆடுவதற்கு முன் அந்த மேசையின் விதிப் பக்கத்தில் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள், பின்னால் போடப்போகும் கணக்கெல்லாம் இந்த எண்ணில்தான் நிற்கிறது.

ஜாதி நான்கு: ஸ்பேடு, ஹார்ட்டின், டைமண்ட், கிளாவர். ஹார்ட்டினை ஆட்டின் என்றும் ஸ்பேடை இஸ்பேடு என்றும் சொல்பவர்கள் உண்டு, இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு ஜாதியிலும் ஏஸ், 2 முதல் 10 வரை, பிறகு ஜாக்கி, ராணி, ராஜா.

ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு பிரித்த பிறகு, மீதிக் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி வைப்பார்கள். அதுதான் வெட்டு ஜோக்கர். அது டைமண்ட் 4 என்றால், அந்த ஆட்டம் முழுக்க எந்த ஜாதி 4-ஆக இருந்தாலும் ஜோக்கர்தான். அச்சிட்ட ஜோக்கரே வெட்டில் வந்துவிட்டால் ஏஸ்கள் ஜோக்கராகும் என்பது பொதுவான வழக்கம். ஜோக்கர் எந்தச் சீட்டின் இடத்தையும் நிரப்பும்.

எத்தனை ஜோக்கரை எதிர்பார்க்கலாம்? இரண்டு கட்டில் 4 மொத்தம் எட்டு. ஒன்று மேசையில் கிடக்கிறது, மீதி ஏழு. அச்சு ஜோக்கர் இரண்டு. ஆக ஒன்பது ஜோக்கர், 105 சீட்டுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு கைக்குச் சராசரியாக ஒன்றுக்குச் சற்று மேல் வரும். ஆனால் ஒரு ஜோக்கர்கூட இல்லாத கை பத்தில் ஏறக்குறைய மூன்று முறை வந்தே தீரும். ஆகவே ஜோக்கர் வராத கையைப் பார்த்து மனம் சோர வேண்டியதில்லை, அது சாதாரணமாக நடப்பது.

இன்னொரு சீட்டைத் திறந்து போட்டு, மீதியைக் கவிழ்த்து வைப்பார்கள். உங்கள் முறை வரும்போது கவிழ்த்த கட்டிலிருந்தோ திறந்த கட்டின் மேலிருந்தோ ஒன்றை எடுக்க வேண்டும், ஒன்றைத் திறந்த கட்டில் போட வேண்டும். கையில் எப்போதும் பதின்மூன்று. யாராவது ஜோக்கரைக் கீழே போட்டால் அதைத் திறந்த கட்டிலிருந்து எடுக்கப் பெரும்பாலான ஆப்கள் விடுவதில்லை.

ஒரிஜினல் இல்லாமல் ஷோ இல்லை

பதின்மூன்று சீட்டையும் கோவைகளாக அடுக்கி முடித்தால் ஷோ. கோவை இரண்டு வகை.

ஒன்று வரிசை, அதாவது சீக்வென்ஸ். ஒரே ஜாதியில் அடுத்தடுத்து மூன்று சீட்டு அல்லது அதற்கு மேல்: ஹார்ட்டின் 5, 6, 7. ஏஸ் இரண்டு பக்கமும் சேரும். ஏஸ்-2-3 சரி, ராணி-ராஜா-ஏஸ் சரி. ராஜா-ஏஸ்-2 என்று சுற்றிக்கொண்டு வராது.

இரண்டாவது செட். ஒரே எண், வெவ்வேறு ஜாதி, மூன்றோ நான்கோ: ஸ்பேடு 9, டைமண்ட் 9, கிளாவர் 9. இரண்டு கட்டு கலந்திருப்பதால் ஸ்பேடு 9 இரண்டு முறை உங்கள் கைக்கு வரலாம். ஒரே செட்டில் இரண்டு ஸ்பேடு 9 வைத்தால் அது செட் ஆகாது. தவறான ஷோக்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது.

இப்போது முக்கியமான விதி. குறைந்தது இரண்டு வரிசை வேண்டும், அதில் ஒன்றாவது ஜோக்கரின் உதவி இல்லாத வரிசையாக இருக்க வேண்டும். அந்தச் சுத்தமான வரிசையைத்தான் ஆடுபவர்கள் ஒரிஜினல் என்பார்கள். ஆப்களில் 'ப்யூர் சீக்வென்ஸ்' என்று போட்டிருக்கும். இரண்டாவது வரிசையில் ஜோக்கர் சேரலாம். இந்த இரண்டும் அமைந்த பிறகு மீதி வரிசையாகவும் இருக்கலாம், செட்டாகவும் இருக்கலாம்.

கோவை மூன்று சீட்டுக்குக் குறையக் கூடாது என்பதால், பதின்மூன்றைப் பெரும்பாலும் 3, 3, 3, 4 என்றுதான் பிரிப்போம். எங்கோ ஒரு கோவை நான்கு சீட்டாக நீள வேண்டும். 'எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒரு சீட்டு மட்டும் தொங்குகிறது' என்று புதியவர்கள் தவிப்பது இதனால்தான். எந்தக் கோவையை நீட்டப்போகிறோம் என்று ஆட்டத்தின் நடுவிலேயே யோசித்துவைத்தால் கடைசியில் அந்தத் தவிப்பு இராது.

ஜோக்கரில் பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. வெட்டு ஜோக்கர் 4 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் கிளாவர் 3, 4, 5. இது ஒரிஜினலா? ஆம். கிளாவர் 4 தன் சொந்த இடத்தில், தன் சொந்த ஜாதியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அது யாருக்கும் பதிலாக வரவில்லை. அதையே கிளாவர் 6, 7-க்குப் பக்கத்தில் வைத்தால் 5-க்கோ 8-க்கோ பதிலாக நிற்கிறது, அப்போது வரிசை ஒரிஜினல் இல்லை.

புள்ளியும் ஸ்கூட்டும்

ரம்மியில் புள்ளி என்பது சுமை. ஷோ அடித்தவருக்குப் பூஜ்யம். மற்றவர்கள் கையில் சேராமல் நிற்கும் சீட்டுகளைக் கூட்டுவார்கள். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் 10. எண் சீட்டுக்கு அதன் எண். ஜோக்கருக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு கூடினாலும் 80-க்கு மேல் போகாது. அந்த 80-ஐ ஃபுல் கவுண்ட் என்பார்கள்.

ஒரிஜினல் இல்லாதவருக்குப் பதின்மூன்று சீட்டும் கணக்கில் ஏறும். அழகான செட் இரண்டு வைத்திருந்தாலும் அவை அவரைக் காப்பாற்றாது. ஒரிஜினல் மட்டும் இருந்தால் அந்தச் சீட்டுகள் கழியும். இரண்டாவது வரிசையும் இருந்தால்தான் செட்டுகளும் கழியும். இதனால்தான் முதல் சில சுற்றுகளில் உங்கள் ஒரே வேலை ஒரிஜினல் என்கிறேன். அது அமைந்த பிறகு ஆட்டமே வேறு ஆட்டமாகிவிடும்.

கை மோசமாக இருந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம். ஒரு சீட்டுகூட எடுக்காமல் ஒதுங்கினால் 20, அது ஸ்கூட். ஆட ஆரம்பித்த பிறகு ஒதுங்கினால் 40, மிடில் ஸ்கூட். தவறாக ஷோ அடித்தால் 80. பலரும் ஆடும் 101 பூல் ஆட்டத்தில் இதே 20, 40-தான். புள்ளி கூடிக்கொண்டே போய் 101-ஐத் தொட்டவர் வெளியே. 201 பூலில் ஸ்கூட் 25, மிடில் ஸ்கூட் 50.

இந்த எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். ஃபுல் கவுண்ட் ஒன்று வாங்குவது நான்கு முறை ஸ்கூட் போவதற்குச் சமம். மிடில் ஸ்கூட் இரண்டு ஸ்கூட்டுக்குச் சமம். ஆகவே முடிவெடுக்கச் சிறந்த நேரம் சீட்டைப் பிரித்த அந்தக் கணம்தான். ஜோக்கர் இல்லை, ஒரே ஜாதியில் அடுத்தடுத்த ஜோடி ஒன்றுகூட இல்லை, கையெல்லாம் படம் (ராஜா, ராணி, ஜாக்கி) என்றால் 20-ஐக் கொடுத்துவிட்டு எழுந்துகொள்வது கோழைத்தனம் இல்லை. 'இரண்டு சுற்று பார்ப்போமே' என்று உட்கார்ந்தால் அந்த ஆசையின் விலை இன்னொரு 20.

ஷோ அடிக்கும்போது பதினான்காவது சீட்டை அதற்கென்று உள்ள இடத்தில் கவிழ்த்துவிட்டு, மீதிப் பதின்மூன்றையும் கோவை கோவையாகப் பிரித்து வைத்துக் காட்ட வேண்டும். ஒரிஜினல் எங்கே, இரண்டாவது வரிசை எங்கே என்று விரல் வைத்து எண்ணிவிட்டு அழுத்துங்கள். எனக்கு முதல் ஃபுல் கவுண்ட் கிடைத்ததே, ராஜா-ஏஸ்-2-ஐ வரிசை என்று நம்பி அடித்த ஷோவில்தான்.

ஒரு கையைப் பிரித்துப் பார்ப்போம்

விதியை எவ்வளவு படித்தாலும் ஒரு கையை எடுத்துப் பேசினால்தான் ஒட்டும். வெட்டு ஜோக்கர் டைமண்ட் 4. திறந்த கட்டில் டைமண்ட் ராஜா. முதல் முறை உங்களுடையது. கையில் இருப்பது இது:

ஹார்ட்டினில் 6, 7, ராணி.
ஸ்பேடில் 7, 9, 10, ராஜா.
டைமண்டில் 9, ஏஸ்.
கிளாவரில் 2, 4, 5, ஜாக்கி.

இப்போது யாராவது ஷோ அடித்தால் உங்கள் கணக்கு 95, அதாவது ஃபுல் கவுண்ட். ஜோக்கர் ஒன்றுதான், கிளாவர் 4. பார்த்தவுடன் ஸ்கூட் போகத் தோன்றும். பொறுங்கள், ஒரிஜினலுக்கு எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணுவோம்.

ஹார்ட்டின் 6, 7-க்கு 5 வந்தாலும் 8 வந்தாலும் சேரும். இரண்டு கட்டு என்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டு. ஆக நான்கு சீட்டு. ஸ்பேடு 9, 10-க்கு 8 அல்லது ஜாக்கி, அங்கே நான்கு. அதிலும் ஸ்பேடு 8 வந்தால் 7, 8, 9, 10 என்று நான்கு சீட்டு வரிசையாகவே நீளும். நமக்கு எப்படியும் தேவைப்படும் அந்த நீண்ட கோவை அங்கேயே கிடைத்துவிடும். கிளாவர் 4, 5-க்கு 3 அல்லது 6, அங்கும் நான்கு. 3 வந்தால் 2, 3, 4, 5. ஜோக்கரைத் தன் இடத்தில் உட்காரவைப்பதால் அது இங்கே சிறைப்படும், அது ஒரு விலைதான். ஆனால் ஒரிஜினல் இல்லாத கையில் சுதந்திரமான ஜோக்கரை வைத்து எதுவும் செய்ய முடியாது.

மொத்தம் பன்னிரண்டு சீட்டு. நாம் பார்க்காத சீட்டுகள், 106-லிருந்து நம் பதின்மூன்றும் வெட்டு ஜோக்கரும் திறந்த ராஜாவும் போக, 91. ஏறக்குறைய ஏழெட்டு முறை எடுத்தால் ஒருமுறை கிடைக்கும். முதல் நான்கு முறைக்குள் கட்டிலிருந்தே ஒரிஜினல் அமைய நூற்றுக்கு நாற்பத்து நான்கு வாய்ப்பு. எதிராளி போடும் சீட்டுகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்தக் கையை நான் ஆடுவேன்.

இந்த எண்ணிக்கைதான் ரம்மியின் அடிப்படைக் கணக்கு. இதே கையில் ஹார்ட்டின் 6, 7-க்குப் பதில் 6, 8 இருந்திருந்தால்? 7 மட்டும்தான் சேரும். இரண்டே சீட்டு. அடுத்தடுத்த ஜோடிக்கு நான்கு வழி, நடுவில் ஓட்டை விழுந்த ஜோடிக்கு இரண்டு வழி. ஓரத்தில் நிற்கும் ஏஸ்-2 ஜோடிக்கும் 3 மட்டும்தான், இரண்டு. ராஜா-ஏஸுக்கும் ராணி மட்டும்தான். ஆனால் ராணி-ராஜாவுக்கு ஜாக்கியும் சேரும், ஏஸும் சேரும், நான்கு. 'படம் எல்லாம் கெட்டது' என்று கண்ணை மூடிக்கொண்டு வீசுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

செட்டுக்கும் இதே கணக்குதான். ஸ்பேடு 9-உம் டைமண்ட் 9-உம் இருந்தால் ஹார்ட்டின் 9 இரண்டு, கிளாவர் 9 இரண்டு, ஆக நான்கு வழி. நம் கையில் ஸ்பேடு 9 ஒன்றே இரண்டு வேலை பார்ப்பதைக் கவனித்தீர்களா? 10-உடன் வரிசைக்கு நிற்கிறது, டைமண்ட் 9-உடன் செட்டுக்கு நிற்கிறது. ஸ்பேடு 9, 10, டைமண்ட் 9 என்ற இந்த மூன்று சீட்டுக்கு மொத்தம் எட்டு வழி. இப்படி இரண்டு பக்கமும் பார்க்கும் சீட்டுகளைக் கடைசி வரை விடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? திறந்து கிடக்கும் டைமண்ட் ராஜாவை எடுத்தால் ஸ்பேடு ராஜாவுக்கு ஜோடி ஆகும். எடுக்கக் கூடாது. அது எந்தக் கோவையையும் முடிக்கவில்லை, 10 புள்ளிச் சுமையைக் கூட்டுகிறது, போதாக்குறைக்கு நீங்கள் ராஜா சேர்க்கிறீர்கள் என்று மேசை முழுவதற்கும் சொல்லிவிடுகிறது. கவிழ்த்த கட்டிலிருந்து எடுக்கிறோம். டைமண்ட் 3 வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒன்றைப் போட வேண்டும். ஹார்ட்டின் ராணி, ஸ்பேடு ராஜா, டைமண்ட் ஏஸ், கிளாவர் ஜாக்கி, நான்கும் 10 புள்ளி, நான்குக்கும் ஒட்டிய சீட்டு இப்போதைக்குக் கையில் இல்லை. எதைப் போட்டாலும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆட்டம் ஆரம்பமாவதே இங்கேதான்.

ராஜாவைப் பாருங்கள். எந்தச் சீட்டும் எத்தனை மூன்று-சீட்டு வரிசைகளில் இடம் பெறும் என்று எண்ணினால், 3 முதல் ராணி வரை ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிசை. ஏஸ், 2, ராஜா மூன்றுக்கும் இரண்டுதான். ராஜாவுக்கு ஜாக்கி-ராணி-ராஜா, ராணி-ராஜா-ஏஸ் தவிர வேறில்லை. அத்துடன் டைமண்ட் ராஜா ஒன்று ஏற்கெனவே கட்டில் புதைந்துவிட்டது, எதிராளி ராஜா செட் சேர்ப்பதும் அந்த அளவுக்குக் கடினம். ஸ்பேடு ராஜாதான் முதலில் போக வேண்டியது.

அடுத்த சுற்றில் டைமண்ட் ஏஸ். அதை வரிசையில் சேர்க்க எதிராளிக்கு 2, 3 வேண்டும், அல்லது ராணி, ராஜா வேண்டும். டைமண்ட் 3 ஒன்று நம் கையில், டைமண்ட் ராஜா ஒன்று கட்டில். இரண்டு பக்கக் கதவும் பாதி சாத்தியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் ராணியும் ஜாக்கியும், அவற்றுக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை என்றால்.

டைமண்ட் 3-ஐ என்ன செய்வது? அது போடுவதற்கு மிகப் பத்திரமான சீட்டு. அதன் மூன்று வரிசைகளில் இரண்டுக்கு டைமண்ட் 4 வேண்டும். 4 வைத்திருப்பவர் அதை ஜோக்கராகத்தான் பயன்படுத்தப் பார்ப்பார். வெட்டு ஜோக்கருக்கு அக்கம்பக்கத்துச் சீட்டுகளை எதிராளி எடுப்பது குறைவு என்ற பழைய கணிப்பின் காரணம் இதுதான். ஆனால் அதற்கு மூன்றே புள்ளி. நெருக்கடியில் போட ஒரு பத்திரமான சீட்டு கையில் இருப்பது நல்லது என்பதால் நான் அதை வைத்துக்கொண்டு படங்களை முதலில் கழிப்பேன்.

எதிராளி எடுப்பதும் விடுவதும்

எனக்குச் சீட்டு பழக்கியது என் தாய்மாமா. பந்தயம் இல்லாமல், மழை நாட்களில் நேரம் போக்குவதற்காக ஆடிய ஆட்டம். 'நீ என்ன எடுத்தேன்னு பாக்காதடா, அவன் எதை விட்டான்னு பாரு' என்பார். அப்போது புரியவில்லை.

எதிராளி திறந்த கட்டிலிருந்து கிளாவர் 8-ஐ எடுக்கிறார் என்றால் அவருக்கு கிளாவர் 6, 7, 9, 10 ஆகியவற்றில் சில இருக்கலாம், அல்லது வேறு ஜாதி 8-கள் இருக்கலாம். அதை எல்லோரும் கவனிப்பார்கள். எடுக்காமல் விட்டதையும் கவனிக்க வேண்டும். நீங்கள் ஹார்ட்டின் 9 போட்டீர்கள், அடுத்தவர் அதைத் தாண்டிக் கவிழ்த்த கட்டுக்குப் போனார். அப்படியென்றால் அந்த நேரத்தில் அவருக்கு ஹார்ட்டின் 9 உதவவில்லை. இன்னொரு ஹார்ட்டின் 9 உங்களிடம் இருந்தால் அதை ஓரளவு தைரியமாகப் போடலாம். அவரே போட்ட சீட்டின் அக்கம்பக்கமும் அப்படித்தான்: ஸ்பேடு 6 போட்டவரிடம் ஸ்பேடு 7, 8 ஜோடி இருக்க வாய்ப்பு குறைவு.

பலர் ஆடும் மேசையில் எல்லோரையும் கவனிக்க முடியாது. உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவரை மட்டும் பாருங்கள், நீங்கள் போடுவதை எடுக்கும் உரிமை அவருக்குத்தான். நேரம் இருந்தால் உங்களுக்கு முன்னால் ஆடுபவர். அவர் என்ன ஜாதியைக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் உங்களுக்குத் தேவையான சீட்டு அங்கிருந்து வருமா என்று கணிக்கலாம்.

இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். உங்களுக்கு ஸ்பேடு 8 வேண்டும், கையில் தேவையில்லாத டைமண்ட் 8 இருக்கிறது. அதைச் சீக்கிரமே போடுங்கள். '8 இவருக்கு வேண்டாம்' என்று நினைத்து ஸ்பேடு 8-ஐ யாராவது விடக்கூடும். தூண்டில் என்பார்கள் இதை. ஆனால் தூண்டிலுக்காக நல்ல சீட்டை உடைக்காதீர்கள். எப்படியும் போகவேண்டிய சீட்டை எப்போது போடுவது என்பதில் மட்டும் இந்தத் தந்திரம் இருக்கட்டும்.

உங்கள் வழிகளையும் விழுந்த சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். ஹார்ட்டின் 6, 7-க்கு நான்கு வழி என்று ஆரம்பித்தோம். இரண்டு ஹார்ட்டின் 5-உம் உங்களால் எடுக்க முடியாத இடத்தில் விழுந்துவிட்டால் மீதி இரண்டு. ஒரு 8-உம் போனால் ஒன்று. அப்போதும் அந்த ஜோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது, வராத பேருந்துக்காக நிற்பது மாதிரி. ஆட்டத்தில் தோற்பவர்கள் கெட்ட சீட்டு வந்ததால் தோற்பதைவிட, செத்துப்போன ஜோடியை விட மனமில்லாமல் தோற்பது அதிகம் என்பது என் அனுபவம்.

திரையில் ஆடும்போது

நேரில் ஆடும்போது முகம் தெரியும், சீட்டை எங்கே சொருகுகிறார் என்று தெரியும். திரையில் அவை இல்லை. அதற்குப் பதிலாக வேறு சில இருக்கின்றன. விழுந்த சீட்டுகளை வரிசையாகக் காட்டும் வசதி பல ஆப்களில் உண்டு. புதியவர்கள் அதைத் திறப்பதே இல்லை. திறந்து பாருங்கள், நினைவுச் சுமை பாதி குறையும்.

ஜாதிவாரியாக அடுக்கும் பொத்தானை நம்பி இருக்காதீர்கள். அது வரிசைகளைக் காட்டும், செட்டுகளை மறைத்துவிடும். அடுக்கிய பிறகு ஒரே எண் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் தேடுங்கள். முறைக்கு இவ்வளவு விநாடி என்று கடிகாரம் ஓடும். அதனால் யோசிப்பதை மற்றவர்கள் முறையிலேயே முடித்துவிட வேண்டும்: அடுத்து எதைப் போடுவேன் என்பது உங்கள் முறை வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இணையம் அறுந்து சில முறைகள் தொடர்ந்து தவறினால் ஆப்பே உங்களை மிடில் ஸ்கூட்டில் வெளியேற்றிவிடும்.

பணம் பற்றி

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. அந்த 1967 தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு ஆன்லைன் ரம்மி பல ஆண்டுகள் பணத்துக்கு ஓடியது. தமிழ்நாட்டில் கடன்பட்ட குடும்பங்களையும் தற்கொலைகளையும் அடுத்து, 2022-ல் சட்டமன்றம் தடைச் சட்டம் இயற்றியது; ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023-ல் மீண்டும் நிறைவேறி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்தது. அப்படி ஆட்டம் நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய ஆப்கள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின.

ஆகவே இன்று நீங்கள் கற்பது இலவச மேசையில், வெறும் புள்ளிக்கு ஆடும் ரம்மி. 'பணம் போடுங்கள், இரட்டிப்பாகும்' என்று குறுஞ்செய்தியிலோ டெலிகிராமிலோ வரும் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். திறமை ஆட்டம் என்ற சொல்லுக்கு ஜெயித்துக்கொண்டே இருப்போம் என்று பொருள் இல்லை. மேலே பார்த்த கையை எவ்வளவு சரியாக ஆடினாலும், நான்கு சுற்றுக்குள் கட்டிலிருந்து ஒரிஜினல் வராமல் போக நூற்றுக்கு ஐம்பத்தாறு வாய்ப்பு இருக்கிறது. சரியாக ஆடித் தோற்பது இந்த ஆட்டத்தில் தினமும் நடக்கும். புள்ளியில் தோற்றால் அடுத்த கையைப் பிரிக்கலாம்.

பழகுவதற்கு நான் சொல்லும் முறை ஒன்று உண்டு. முதல் பத்து ஆட்டத்தில் ஜெயிப்பதைப் பற்றி நினைக்காமல், சீட்டைப் பிரித்ததும் ஒரிஜினலுக்கு எத்தனை வழி என்று மட்டும் எண்ணி ஒரு தாளில் குறியுங்கள். ஒரிஜினல் எத்தனையாவது சுற்றில் அமைந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பத்தில், உங்களுக்கு அடுத்தவர் எடுக்காமல் விட்ட சீட்டுகளை மட்டும் குறியுங்கள். ஆட்டம் முடிந்து அவர் கை திரையில் விரியும்போது உங்கள் தாளை அதோடு வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கணிப்பு சரியாக இருந்தது, எந்தச் சீட்டை நீங்களே அவருக்கு எடுத்துக் கொடுத்தீர்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.